முகாமிலிருந்து வந்த வாக்கு

ஒரு நாட்டின் தலைவர் தமது முதல் தவணையை முடித்துக்கொண்டு, இன்னொரு தவணை வேண்டுமென்று மக்கள்முன் வந்து நிற்கும்போது, வாக்காளர்தம் உள்ளத்தில் எழும் ஆர்வம் எத்தகையது? புதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு நம்பிக்கை ஒன்றே போதும். பழையவரையே மறுமுறை அமர்த்துவதாயின், அவர் ஆண்ட ஆண்டுகள் யாவும் கண்முன் நிற்கும். அவரால் விளைந்த நன்மையோடு துன்பமும் கணக்கில் ஏறும். அமெரிக்க நாட்டில் நான்காண்டுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் நம் சங்கத்து அன்பர்கள் அதனை ஆவலோடு படித்தும் விவாதித்தும் வருகின்றனர். அந்நாட்டில் இதுவரை நடந்துள்ள இரண்டாம் தவணைத் தேர்தல்களுள் நாம் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது 1864-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் நின்ற தேர்தலே என்பது எம் எண்ணம். அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் இருந்தவர்களின் வாக்கு என்னாவது என்னும் வினா அத்தேர்தலில் பெரிதாக எழுந்தது. ஊர் ஒன்று, உறைவிடம் வேறொன்று என வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு அவ்வினா அயலானதன்று.

இன்று அமெரிக்காவில் ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது; 1951-இல் வந்த திருத்தம் அது. லிங்கன் காலத்தில் அத்தகைய சட்டம் ஏதுமில்லை. ஆயினும் சட்டத்தினும் வலிய வழக்கம் ஒன்று அப்போது வேரூன்றியிருந்தது. 1832-இல் ஆண்ட்ரூ ஜாக்ஸன் மறுமுறை வெற்றிபெற்ற பின்னர் எட்டுப் பேர் அப்பதவியில் அமர்ந்தனர். அவருள் ஒருவரும் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பெறவில்லை. இருவர் பதவியிலிருக்கையிலேயே இறந்தனர்; ஒருவரை மக்கள் தோற்கடித்தனர்; சிலரைச் சொந்தக் கட்சியே கைவிட்டது. நான்காண்டு ஆண்டார், நன்று, இனி வேறொருவர் வரட்டும் என்பதே முப்பதாண்டுக் காலமாக வாக்காளர்க்குப் பழகிப்போன மனப்பான்மை.

நாடோ உள்நாட்டுப் போரின் நான்காம் ஆண்டில் நின்றது. அடிமை முறையைக் கைவிட மாட்டோம் என்று தெற்கேயுள்ள 11 மாநிலங்கள் பிரிந்து தனியரசு அமைத்துக்கொண்டிருந்தன. அவற்றை மீட்டு நாட்டை ஒன்றாக வைத்திருப்பதற்கென 1861 ஏப்ரலில் தொடங்கிய போர், சில திங்களில் முடியும் என்று எண்ணியவர்தம் எண்ணத்தைப் பொய்யாக்கி நீண்டுகொண்டே சென்றது. 1864 மே, ஜூன் மாதங்களில் தளபதி கிராண்ட் வர்ஜீனியாவில் நடத்திய போர்களில், ஏழு வாரத்திற்குள் வடவர் சேனையில் சுமார் 55,000 பேர் மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். வடபுலத்து ஊர்களில் பத்திரிகை வந்ததும் மக்கள் முதலில் தேடியது இறந்தோர் பட்டியலைத்தான். ஜூலை 11, 12 தேதிகளில் பகைவர் படையொன்று தலைநகரான வாஷிங்டனின் வாயிலுக்கே வந்துவிட்டது. கோட்டை மதில்மேல் ஏறி நின்று லிங்கனே அதனை நேரிற் கண்டார். அதே வாரத்தில் 100 டாலர் மதிப்புள்ள பொன்னுக்கு 280 டாலருக்கு மேல் காகித நாணயம் கொடுக்க வேண்டியிருந்தது. கூலிக்கு வேலை செய்தவர் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் ஜூலை 18-ஆம் நாள் மேலும் 5 லட்சம் ஆட்கள் சேனைக்கு வேண்டுமென்று லிங்கன் அழைப்பு விடுத்தார். தாமாக வருவோர் போதாவிடின் குலுக்கல்வழிக் கட்டாயமாகச் சேர்க்கப்படுவர் என்பதும் அதில் அடங்கியிருந்தது. தேர்தலுக்கு இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. வாக்குக் கேட்க வேண்டிய வேளையில் பிள்ளைகளைக் கேட்ட அபேட்சகர் உலக வரலாற்றில் எத்தனை பேர் இருப்பர்!

கட்சிக்குள்ளும் அவருக்கு ஒருமனதான ஆதரவு இருந்ததாகச் சொல்வதற்கில்லை. அவருடைய நிதி மந்திரி சேஸ் என்பாரையே அபேட்சகராக்க ஒரு முயற்சி ஆண்டின் தொடக்கத்தில் நடந்து, வெளிப்பட்டு, அடங்கியது. அடிமை முறையை இன்னும் விரைந்து ஒழிக்க வேண்டும் என்ற தீவிரவாதிகள் மே இறுதியில் தனி மாநாடு கூட்டித் தளபதி பிரிமான்ட் என்பாரை நிறுத்தினர். ஜூன் 7, 8 தேதிகளில் பால்டிமோர் நகரில் கூடிய கட்சி மாநாடு, தேசிய ஐக்கியக் கட்சி என்னும் புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டு லிங்கனையே மறுபடியும் தேர்ந்தெடுத்தது உண்மை. எனினும் மிஸ்ஸூரி மாநிலப் பிரதிநிதிகள் முதலில் கிராண்டின் பெயருக்கே வாக்களித்தனர். வாழ்த்துக் கூற வந்தவர்களிடம் மறுநாள் பேசிய லிங்கன், தாம் அந்நாட்டிற் சிறந்த மனிதர் என்று யாரும் முடிவு செய்துவிடவில்லை, ஆற்றைக் கடக்கும்போது நடுவில் குதிரையை மாற்ற வேண்டாம் என்று மட்டும் கருதினர் போலும் எனப் பொருள்படச் சொன்னார். நம் காவிரிக் கரையினராயின் பரிசல்காரனை நடுஆற்றில் மாற்றலாமா என்று கேட்டிருப்பர். இரண்டாம் தவணைக்கு இதனைவிட அடக்கமான காரணத்தை வேறெவரும் காட்டியதாக நாம் அறியோம்.

ஆகஸ்டு மாதம் வந்தபோது அந்த அடக்கமான காரணமும் நிலைக்காது என்றே தோன்றிற்று. கட்சியின் நிர்வாகக் குழுத் தலைவராகவும் 'நியூயார்க் டைம்ஸ்' ஆசிரியராகவும் இருந்த ஹென்றி ரேமண்ட் ஆகஸ்டு 22-ஆம் நாள் லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லினாய், பென்சில்வேனியா, இண்டியானா, நியூயார்க் ஆகிய பெரிய மாநிலங்கள் யாவும் கைநழுவும் என்று ஆங்காங்குள்ள பெரியோர் எழுதியிருந்த செய்திகளைத் தொகுத்து அதில் கூறியிருந்தார். நியூயார்க்கில் 50,000 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி என்று கணக்கும் போட்டிருந்தார். மக்களுடைய மனக்குறை இரண்டு என்பது அவர் கருத்து: போரில் வெற்றியில்லை, அடிமைகளை விடுவித்தாலன்றி லிங்கன் சமாதானம் பேசமாட்டார் என்ற ஐயம் மக்களிடம் பரவியிருக்கிறது. தெற்கத்தியரிடம் சமாதானத் தூது அனுப்பிப் பார்க்கலாமே என்றும் யோசனை சொன்னார். லிங்கன் அதனை ஏற்கவில்லை.

அதற்கு மறுநாள் மந்திரிசபை கூடியபோது லிங்கன் மடித்து ஒட்டிய காகிதம் ஒன்றை நீட்டி, அதன் புறத்தே கையெழுத்திடுமாறு மந்திரிகளைக் கேட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாவரும் ஒப்பமிட்டனர். தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படமாட்டார் என்பதே மிகுதியும் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது, அவ்வாறாயின் புதிதாய் வருபவர் பதவியேற்பதற்கு முன்னரே அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பது தம் கடமை என்பதுதான் அதன் சாரம். பதவியை இழக்கப்போகிறோம் என்று நம்பிய ஒருவர், இழந்த பின்னும் செய்ய வேண்டிய கடமையை முன்கூட்டியே எழுதிப் பூட்டி வைத்தது நம் நாட்டு அரசியல்வாதிகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. ஆகஸ்டு 19-ஆம் நாள் பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினத் தலைவரை லிங்கன் தம் மாளிகைக்கு அழைத்தார். டக்ளஸ் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி வந்து, நாவன்மையாலும் எழுத்து வன்மையாலும் புகழ்பெற்றவர். தாம் தோற்றுப் போனால் விடுதலைப் பிரகடனத்தின் பயன் தெற்கிலுள்ள அடிமைகளுக்குக் கிட்டாமலே போகலாம். ஆதலால் தேர்தலுக்கு முன்னர் எத்தனை பேரை இயலுமோ அத்தனை பேரையும் வடவர் படையின் எல்லைக்குள் கொண்டுவர ஒரு வழி வகுக்க வேண்டும் என்று அவரிடம் லிங்கன் கேட்டுக்கொண்டார். இரண்டாம் தவணை என்பது ஒரு மனிதரின் பதவி நீட்டிப்பைப் பற்றிய பேச்சாக இருந்திருந்தால் இச்சந்திப்பு நிகழ்ந்திராது.

எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியினர் ஆகஸ்டு இறுதியில் சிகாகோவிற் கூடி, போர் தோல்வியுற்றது, உடனே நிறுத்திப் பேச்சு நடத்த வேண்டும் என்று தீர்மானித்தனர். அவர்கள் நிறுத்திய அபேட்சகரோ தளபதி ஜார்ஜ் மக்ளெல்லன். லிங்கனால் 1862 நவம்பரில் பதவியிலிருந்து விலக்கப்பட்டவர், முப்பத்தேழு வயதினர், சிப்பாய்களின் செல்லப்பிள்ளை. உடையும் உணவும் முறையாக வரச்செய்து, வீணாக யாரையும் சாகவிடாதவர் என்று பொடோமாக் சேனையில் அவருக்குப் பெயர். போர் தோல்வியென்று அவர் தம் வாயாற் சொல்ல ஒருப்படவில்லை. அபேட்சகராக நிற்க இசைந்த கடிதத்தில் அத்தீர்மானத்தை விலக்கிவிட்டே எழுதினார். ஆயினும் கட்சியின் தீர்மானம் அச்சேறி ஊரெங்கும் பரவிவிட்டது.

அத்தீர்மானத்தின் மை உலர்வதற்குள் செய்தி வந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் தளபதி ஷெர்மனின் படை தெற்கின் பெருநகரான அட்லாண்டாவைக் கைப்பற்றியது. அதுவரை மௌனமாயிருந்த ஊர்களில் பீரங்கி வேட்டு முழங்கிற்று. செப்டம்பர் 22-இல் பிரிமான்ட் போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்டில் லிங்கனுக்கு மாற்றாக வேறொருவரைத் தேடிக்கொண்டிருந்த பெரியோர் பலர் அக்டோபரில் அவருக்காக மேடையேறினர். இரவில் தீவட்டி ஊர்வலங்கள் நடந்தன. விளக்கை உள்ளே வைத்து எழுத்துத் துலங்கச் செய்த துணிப் பதாகைகள் சென்றன. அபேட்சகரின் நிழற்படம் பதித்த சிறு பதக்கங்களை மக்கள் சட்டையிற் குத்திக்கொண்டனர். அபேட்சகர் தாமே ஊர்தோறும் சென்று வாக்குக் கேட்பது அக்காலத்து மரபன்று. லிங்கன் வாஷிங்டனிலேயே இருந்தார்.

ஊர்வலமும் பதாகையும் கண்டு இதுதான் வாக்காளர் ஆர்வம் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் எமக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. வெற்றிச் செய்தி வந்த மறுநாள் திரும்பும் ஆர்வம் காற்றாடியைப் போன்றது. காற்றைக் காட்டுமேயன்றி வேறொன்றையும் காட்டாது. போரின் விலையைத் தம் உடம்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. லிங்கன் மறுபடியும் வந்தால் போர் நீளும். மக்ளெல்லன் வந்தால் விரைவில் வீடு திரும்பலாம் என்பது முகாம்களில் யாவரும் அறிந்த கணக்கு. 1861-இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த பழஞ்சிப்பாய்களுள் சுமார் 1,36,000 பேர் சன்மானமும் விடுமுறையும் பெற்றுக்கொண்டு மறுபடியும் கையெழுத்திட்டிருந்தனர். சுமார் ஒரு லட்சம் பேர் போதுமென்று ஒதுங்கினர். தங்கியவர்கள் எந்தப் பக்கம் சாய்வர் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் இயலவில்லை.

அவர்கள் எங்கே வாக்களிப்பது என்ற சிக்கல் அதற்கும் முன்னே நின்றது. வாக்கு என்பது ஆளுக்குரியதா, அவன் நிற்கும் ஊருக்குரியதா? போருக்கு முன்னர் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சட்டம் ஒன்றே: தன் ஊர்ச் சாவடியில் நேரில் வந்து நிற்பவனுக்கே வாக்கு. பென்சில்வேனியாவில் மட்டும் போர்ப்பணியில் வெளியே சென்ற சிப்பாய்க்கு இடமளித்த பழைய சட்டம் ஒன்று இருந்தது. அதுவும் செல்லாதென்று அம்மாநில உயர்நீதிபதிகள் 1862-இல் தீர்ப்பளித்தனர். அரசியல் சட்டம் வாக்காளன் தன் வட்டத்திலேயே வாக்களிக்க வேண்டுமெனக் கூறுகிறது, வட்டத்துக்கு வெளியே வைத்த பெட்டி பெட்டியாகாது என்பது அவர்கள் கண்ட பொருள். அப்படியாயின் அரசியல் சட்டத்தையே திருத்துவோம் என்று அம்மாநிலத்தார் முனைந்து, 1864 ஆகஸ்டில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் திருத்தியும் விட்டனர். 1862 முதல் ஒவ்வொரு மாநிலமாக இவ்வழியிற் சென்று, தேர்தல் வந்தபோது 19 மாநிலங்கள் தம் சிப்பாய்கள் போர்க்களத்திலிருந்தே வாக்களிக்க வகைசெய்திருந்தன. இண்டியானா, இல்லினாய், நியூஜெர்ஸி ஆகிய மாநிலங்கள் இணங்கவில்லை. அவற்றின் சட்டசபைகளில் எதிர்க்கட்சியின் கை ஓங்கியிருந்தது. சிப்பாயின் வாக்கு யாருக்குப் போகும் என்று அவர்கள் அஞ்சினர் என்பது வெளிப்படை.

இவ்விடத்தில் நம் நாட்டையும் சற்று நினைத்துக்கொள்ளலாம். நம் தேர்தல் சட்டமும் ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கிறது. படைவீரர்களுக்குச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயர் வைத்துக்கொள்ளவும், தபால் மூலமாகவும், 2003 முதல் தமக்கென ஒருவரை நியமித்தும் வாக்களிக்க வழியுண்டு. பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்துள்ள நம் போன்றோர்க்கு அத்தகைய வழியில்லை. பெயரை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வாக்குப்பதிவு நாளுக்கு ரயிலேற வேண்டும். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறு. தொலைவிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளின் பார்வைக்கு வைத்தது. வெளிமாநிலத்தவர் என்று யாரைக் கொள்வது, அயலூரில் கட்சி முகவர்கள் எவ்வாறு அமர்வது, பிரசார விதிகளை அங்கே எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்ற வினாக்கள் எழுந்தன. 2024-ஆம் ஆண்டின் லோக்சபைத் தேர்தல் அவ்வியந்திரமின்றியே நடந்தது.

அமெரிக்க மாநிலங்கள் கைக்கொண்ட முறைகள் இரண்டு. ஒன்று, முகாமிலேயே பெட்டி வைப்பது. ஒரு மாநிலத்துச் சிப்பாய்கள் தமக்குள்ளேயே சிலரை அதிகாரிகளாக அமர்த்தி, கிடைத்த பெட்டியை வாக்குப்பெட்டியாக்கி, சீட்டுகளை எண்ணிக் கணக்கை மாநிலத் தலைநகருக்கு அனுப்பினர். மற்றொன்று நியூயார்க் கைக்கொண்ட உறை முறை. சிப்பாய் தன் சீட்டை உறையிலிட்டு முத்திரை வைத்து, அதிகாரப் பத்திரமும் உடன்வைத்து, ஊரிலுள்ள நம்பிக்கையான ஒரு வாக்காளருக்கு அனுப்புவான். அவர் தேர்தலன்று சாவடியில் அதனை ஒப்படைப்பார். தந்தைக்கும் தமையனுக்கும் அண்டை வீட்டாருக்கும் இவ்வாறு உறைகள் வந்து சேர்ந்தன. மகன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு வாக்குச்சீட்டு உறையே சான்றாக வந்த வீடுகளும் இருந்திருக்கும் அன்றோ!

முறைகேடுகளும் இல்லாமலில்லை. நியூயார்க் சிப்பாய்களின் உறைகளைச் சேகரிக்க நியமிக்கப்பட்ட முகவர்கள் சிலர், இல்லாத சிப்பாய்களின் பெயரில் கையெழுத்திட்டுச் சீட்டுகளைத் தயாரித்ததாக அக்டோபரில் பால்டிமோரில் பிடிபட்டு, ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பெற்றனர். வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுத் தந்த காலம் அது. இன்னார் இன்ன கட்சிச் சீட்டைப் போடுகிறார் என்பதை அருகில் நிற்பவர் காணலாம், மேலதிகாரியும் காணலாம். விடுமுறை கொடுப்பதிலும் ஆளுங்கட்சிக்குச் சாதகமாயிருப்போர்க்குக் கை தாராளமாகத்தான் இருந்தது. இவற்றை மறைத்து அத்தேர்தலைப் பொற்காலமாகக் காட்டுவது எம் நோக்கமன்று.

இண்டியானாவின் கதை தனிச் சுவையுடையது. அங்கே அக்டோபர் 11-ஆம் நாள் கவர்னர் தேர்தல். சிப்பாய்கள் களத்தில் வாக்களிக்க இயலாது. அம்மாநிலம் பகைவர் நண்பர்கள் கையிற் போய்விட்டால் ஆள்சேர்ப்பே தடைப்படும் என்ற கவலை வாஷிங்டனில் இருந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் லிங்கன் ஷெர்மனுக்கு எழுதினார்: படைக்குக் கேடில்லாத அளவில் இண்டியானாச் சிப்பாய்களை ஊருக்குப் போய்வர விடமுடியுமானால் நன்று, இது உத்தரவன்று, ஜனாதிபதித் தேர்தல் வரையில் அவர்கள் அங்கே தங்க வேண்டியதுமில்லை, உடனே திரும்பிவிடலாம். தம்முடைய சொந்தத் தேர்தலுக்கு அவர்களை நிறுத்திவைக்கக் கேட்காதது அவர் பண்பைக் காட்டுகிறது என்பர் சிலர். அக்டோபரில் வென்றால் நவம்பர் தானே வரும் என்ற கணக்கு என்பர் சிலர். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடியவையே.

எனினும் ஊருக்கு வெளியே நின்றவன் வாக்கு எவ்வளவு எடையுள்ளது என்பதைக் காட்டியது மேரிலாந்து. தெற்கோடு சேராமல் நின்ற அம்மாநிலத்தில் அடிமை முறை இன்னும் சட்டப்படி நிலவியது. 1863-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் பிரிந்துபோன மாநிலங்களுக்கே உரியதாகையால் மேரிலாந்துக்கு எட்டவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் புதிய அரசியல் சட்டத்தின்மீது 1864 அக்டோபர் நடுவில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் இருந்தவர்கள் போட்ட வாக்குகளை எண்ணினால் ஆதரவு 27,541, எதிர்ப்பு 29,536. சட்டம் தோற்றது. பின்னர் முகாம்களிலிருந்து சிப்பாய்களின் கணக்கு வந்தது: ஆதரவு 2,633, எதிர்ப்பு 263. கூட்டிப் பார்த்தால் 375 வாக்கு வித்தியாசத்தில் சட்டம் வென்றது. நவம்பர் 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது அம்மாநிலத்தில் அடிமை என்று ஒருவருமில்லை. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே அடிமைகளின் தொகை 87,000-க்கு மேல். இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த 375 என்னும் எண்ணின் முன் நாம் சிறிது நின்றுவிடுகிறோம்.

நவம்பர் 8-ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல். வாஷிங்டனில் அன்றிரவு மழை. லிங்கன் போர் இலாகாவின் தந்தி அறைக்கு நடந்து சென்று அமர்ந்தார். தந்திகள் வரும் இடைவெளியில் நகைச்சுவைக் கட்டுரைகளை எடுத்து உரக்கப் படித்துச் சிரித்தார் என்றும், போர் மந்திரி ஸ்டாண்டனுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை என்றும் உடனிருந்த டேனா என்பார் எழுதிவைத்திருக்கிறார். முதலில் வந்த நல்ல செய்திகளை மனைவிக்குச் சொல்லியனுப்பினார். தம்மினும் அவளுக்கே கவலை அதிகம் என்றாராம். அக்கவலைக்குக் காரணமும் இருந்தது. கணவர் அறியாமல் அவ்வம்மையார் துணிக்கடைகளில் 27,000 டாலர் வரை கடன் வைத்திருந்ததாக, அவருக்கு ஆடை தைத்துத் தந்த எலிசபெத் கெக்லி 1868-இல் வெளியிட்ட நூலிற் கூறுகிறார். கணவர் பதவியிலிருக்கும் வரையில் கடன்காரர் பொறுத்திருப்பர். இரண்டாம் தவணைமீது ஆர்வம் கொள்ள எத்தனை விதமான காரணங்கள்!

விடியுமுன்னரே முடிவு தெரிந்துவிட்டது. போட்டியிட்ட மாநிலங்கள் 25-இல் 22 லிங்கனுக்கு; நியூஜெர்ஸி, டெலாவேர், கெண்டக்கி மூன்றுமே மக்ளெல்லனுக்கு. தேர்வாளர் வாக்குகள் 212-க்கு 21. மக்கள் வாக்கில் லிங்கன் பெற்றது நூற்றுக்கு 55. சுமார் 22 லட்சம். 50,000 வாக்கில் தோல்வி என்று கணக்கிட்ட நியூயார்க்கில் 7,000-க்கும் குறைந்த வித்தியாசத்தில் வெற்றி. அம்மாநிலத்தில் சிப்பாய்களின் உறைகள் பிற சீட்டுகளோடு கலந்தே எண்ணப்பட்டமையால், அவை மட்டுமே வெற்றி தந்தனவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சிப்பாய் வாக்கைத் தனியே எண்ணிய 12 மாநிலங்களில் கணக்கு தெளிவாக உள்ளது: லிங்கனுக்கு 1,19,754, மக்ளெல்லனுக்கு 34,291. நூற்றுக்கு 78 பேர், தம்மை மீண்டும் போர்க்களத்துக்கு அனுப்பப்போகிறவருக்கே வாக்களித்தனர். சிப்பாய்களின் செல்லப்பிள்ளைக்கு அவர்கள் அன்பு கிடைத்தது, வாக்குக் கிடைக்கவில்லை. மேலதிகாரியின் கண் எவ்வளவுதான் சீட்டின்மீது இருந்தாலும், 34,000 பேர் எதிர்க்கட்சிச் சீட்டை வெளிப்படையாகப் போடத் துணிந்தனர் என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, வாழ்த்துப் பாடி வந்த கூட்டத்தினரிடம் மாளிகைச் சன்னலிலிருந்து லிங்கன் பேசினார். கிளர்ச்சிக்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தவோ தள்ளிப்போடவோ நேர்ந்திருந்தால், கிளர்ச்சிக்காரர் அப்போதே வென்றுவிட்டதாகக் கொள்ளலாம் என்பது அப்பேச்சின் கருத்து. நவம்பர் 11-ஆம் நாள் மந்திரிசபையில் அந்த ஒட்டிய காகிதத்தை எடுத்துப் பிரித்து, அவர்கள் எதன்மேல் ஒப்பமிட்டனர் என்பதை வாசித்துக் காட்டினார்.

வாக்கின் பயன் பதவியேற்புக்கு முன்னரே தெரிந்தது. நாடெங்கும் அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1864 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறாமல் தோற்றிருந்தது. அதே சபை, அதே உறுப்பினர்கள், 1865 ஜனவரி 31-இல் 119-க்கு 56 என்ற கணக்கில் அதனை நிறைவேற்றினர். இடையில் நடந்தது தேர்தல் ஒன்றே; அதனை நேரிற் கண்டபின் சிலர் மனம் மாறிற்று. சிலரை மாற்றுவதற்குப் பதவி வாக்குறுதிகளும் உதவின என்பர்.

மார்ச் 4-ஆம் நாள் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றார். ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு சுடப்பட்டு மறுநாட் காலை மறைந்தார். வாக்காளர் நான்காண்டுக்கெனக் கொடுத்த தவணையில் அவர் இருந்தது 42 நாள். எஞ்சிய காலத்தை உப ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் ஆண்டார். 1868-இல் அவரை மறுபடியும் நிறுத்த எந்தக் கட்சியும் முன்வரவில்லை.

ஒரு கூட்டத்தாரைப் பற்றி இதுவரை நாம் ஒன்றும் சொல்லவில்லை. வடவர் சேனையில் போர்க்காலம் முழுவதும் சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் பணிபுரிந்தனர். 1864 நவம்பரில் வெள்ளைச் சிப்பாய்கள் பெட்டியண்டை வரிசையில் நின்றபோது, இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பார்த்துக்கொண்டுதான் நின்றனர். வடகிழக்கு மூலையிலுள்ள ஐந்து மாநிலங்களில் மட்டும் கறுப்பினத்தவர் பிறரைப் போல வாக்களிக்கலாம். நியூயார்க்கில் 250 டாலர் சொத்துள்ள கறுப்பினத்தவருக்கே வாக்கு, வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. இரண்டாம் தவணையால் தம் மக்களின் விலங்கு அறுமா அறாதா என்று யாரினும் ஆவலோடு காத்திருந்தவர்கள் அவர்களே. நான்காண்டு கழித்து 1868-இல் கிராண்ட் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது, தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளாய் இருந்தவர்கள் முதன்முறையாகச் சாவடிக்குச் சென்று, பல லட்சக்கணக்கில் சீட்டுப் போட்டனர். 1872-இல் கிராண்ட் இரண்டாம் தவணை கேட்டபோது அவர்கள் மறுபடியும் வந்தனர்.